நூலகம் ஊருக்கு வந்து சேர: விழுப்புரம், திண்டிவனம் மாணவர்களும் மின்னூலகங்களும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்விக்காக ஒரு தொகையை ஒதுக்கி, அதன் வட்டியில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் பெரிய மனம் படைத்தவர்கள். அவர்கள் பெயரால் நடக்கும் கூட்டத்தில் இந்த மாவட்டத்து மாணவர்களுக்கு உடனே பயன்படக்கூடிய ஒன்றைப் பேசுவதே முறை என்று எண்ணி, மின்னூலகத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ படிக்கும் ஒரு மாணவருக்கு, வீட்டிலிருந்தபடியே எட்டக்கூடிய மின்னூலகம்தான் அவருடைய பல்கலைக்கழக நூலகம். அதற்கான பணத்தை மக்கள் வரியிலிருந்து அரசு கட்டிவிட்டது. சாவியை மாணவர் கையில் கொடுக்கும் வேலைதான் மிச்சமிருக்கிறது. அந்த வேலை இந்த அரங்கில் இருக்கும் நம் எல்லோருடையது.

எப்போதும் வேறு ஊரில் இருந்த நூலகம்

நம் மாவட்டத்தின் கல்வி வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது 1993-இல். அப்போது இங்குள்ள கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பல்கலைக்கழக நூலகம் சேப்பாக்கத்தில், ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில். 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தோன்றியதும் நம் கல்லூரிகள் அதனோடு இணைக்கப்பட்டன. நூலகம் வேலூருக்குப் போனது. 2021-இல் விழுப்புரத்தையே தலைமையிடமாகக் கொண்டு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கப்பட்டது. இப்போது நம் கலை அறிவியல் கல்லூரிகளின் பல்கலைக்கழக நூலகம் சிதம்பரத்தில் இருக்கிறது.

மற்றப் படிப்புகளும் அப்படித்தான். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகளுக்குத் தாய் வீடு கிண்டி. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகம் கிண்டியில். 2017-இல் தொடங்கிய விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகம் சென்னையில்.

விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னைக்கு ஒரு பாதை, காட்பாடிக்கு ஒரு பாதை, கடலூர் வழியே சிதம்பரத்துக்கு ஒரு பாதை. நம் கலை அறிவியல் மாணவர்களின் மூன்று பல்கலைக்கழகங்களும் ஒவ்வொரு பாதையின் ஓரத்தில் இருந்திருக்கின்றன. பட்டம் வந்தது, வினாத்தாள் வந்தது, மதிப்பெண் பட்டியல் வந்தது. நூலகம் மட்டும் வரவில்லை. செஞ்சிப் பக்கமிருந்தோ மரக்காணம் பக்கமிருந்தோ பேருந்து மாறி வரும் மாணவியால் ஒரு கட்டுரை படிப்பதற்காகச் சிதம்பரம் போய்த் திரும்ப முடியாது. போனாலும் அன்றைய நாள் அதோடு முடிந்துவிடும். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த மாவட்டம் இது. படித்தவர் வீட்டில் இருக்கும் புத்தக அலமாரியும் இவர்களுக்கு இல்லை, பல்கலைக்கழக அலமாரியும் எட்டவில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் நம்மை என்ன பாடு படுத்தியது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் உயர்ந்து ரயில்கள் நின்றன. பருவத் தேர்வை எதிர்நோக்கும் காலத்தில் இப்படிக் கல்லூரி மூடினால் கல்லூரி நூலகமும் மூடிவிடும். மின்சாரமும் சிக்னலும் திரும்பிய நாளிலிருந்தாவது படிப்பைத் தொடர ஒரு வழி வேண்டும்.

மாட்டு வண்டியில் வந்த நூலகம்

நூலகம் வாசகரைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணில் புதிதன்று. சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகம் தொடங்கியது. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளரின் முயற்சி அது. வண்டி ஊர் ஊராகப் போய்ப் புத்தகங்களைக் கொடுத்து வாங்கியது.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதும் அரங்கநாதன் வகுத்த விதிகளின் சாரம். 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் வந்தது அதுவே முதல் முறை. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டும் வழக்கம் அதிலிருந்து வந்தது. ஆக, நூலகம் என்பது பொதுப் பணத்தில் பொதுமக்களுக்கு உரிமையோடு கிடைக்க வேண்டியது என்று இந்த மாநிலம் முன்பே முடிவு செய்துவிட்டது. வீட்டிலிருந்து மின்னூலகத்துக்குள் நுழைவதையும் அந்த உரிமையின் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன்.

நம் பெயரில் கட்டப்பட்டிருக்கும் பணம்

இப்போது என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம், பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் நாட்டின் கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் நிறுவனம். 2010-இல் அது கல்லூரிகளுக்கென்று என்-லிஸ்ட் திட்டத்தைத் தொடங்கியது. அதுவரை விலை உயர்ந்த ஆய்விதழ்கள் பெரும் பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே எட்டின. என்-லிஸ்ட் அவற்றில் பல ஆயிரம் இதழ்களையும், இலட்சத்துக்கும் அதிகமான மின்னூல்களையும் சாதாரண அரசுக் கல்லூரி மாணவருக்கும் திறந்துவிட்டது. இந்தத் திட்டத்தின் சிறப்பு என்னவென்றால், கல்லூரி வளாகத்தில்தான் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தும் படிக்கலாம்.

2024 நவம்பர் 25-இல் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகள் நிர்வகிக்கும் 6,300-க்கும் மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இது பொருந்தும். திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும், விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் அரசுக் கல்லூரிகள். டெல்லியில் ஐ.ஐ.டி. மாணவர் திறக்கும் அதே இதழைத் திறக்கும் தகுதி நம் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அரசு நிர்வகிக்கும் நிறுவனங்கள் என்ற எல்லைக்கு வெளியே நம் மாவட்டத்தில் ஏராளமான சுயநிதிக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிப்பவர்களும் இதே ஊர்களின் பிள்ளைகள்தான். அவர்களையும் இந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று கல்வியாளர்கள் குரல் கொடுக்க வேண்டும். அதுவரை அந்தக் கல்லூரிகள் தங்கள் செலவில் என்-லிஸ்டில் சேர வழி இருக்கிறது. கட்டணம் அரசுக் கல்லூரிகளைவிடக் கூடுதல்தான். ஆனாலும் வாங்கும் கட்டணத்தில் அது மிகச் சிறிய பங்கு.

இவை தவிர, எந்தக் கடவுச்சொல்லும் கேட்காத களஞ்சியங்களும் உண்டு. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதித்ததன் பயனாக வளர்ந்தது சோத்கங்கா. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அதில் இருக்கின்றன. காரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய மின்னூலகம் இருக்கிறது. அருகில் புதுச்சேரியில் 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அந்தச் சுவடிகளின் படங்களையும் இன்று இணையத்தில் காண முடிகிறது.

இருவேல்பட்டைத் தேடினால்

இதையெல்லாம் வைத்துக்கொண்டு நம் ஊர் மாணவர் என்ன செய்வார் என்ற கேள்வி எழலாம். ஒரே ஒரு எடுத்துக்காட்டை நிதானமாகப் பார்ப்போம்.

திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில் இருவேல்பட்டு என்று ஓர் ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன், சாதி, வீடு என்று கணக்கெடுக்கச் செய்தார். 1918-இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில் இருவேல்பட்டும் ஒன்று. 1940-இல் தாமஸ், ராமகிருஷ்ணன் இருவரும் அதே கிராமங்களை மறு ஆய்வு செய்து நூலாக வெளியிட்டார்கள். 1983-இல் எஸ். குகனும் ஜோன் மென்சரும் இருவேல்பட்டுக்குத் திரும்பிப் போய் எழுதினார்கள். 2010-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் 1916 முதல் 2008 வரை அந்த ஊரின் நிலமும் உழைப்பும் சாதி அரசியலும் எப்படி மாறின என்று விரிவான கட்டுரை எழுதினார்கள். பின்னிரண்டும் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வந்தவை.

இந்தியாவில் ஒரு நூற்றாண்டுக்கு அருகில் தொடர்ந்து ஆராயப்பட்ட கிராமங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று நம் மாவட்டத்தில் இருக்கிறது. உலகத்தின் பல மூலைகளில் வேளாண் பொருளாதாரம் படிப்பவர்களுக்கு இந்த ஊர் தெரியும். நம் கல்லூரிகளில் பொருளியல் படிக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, தேடுவோம். ஒரு முதுகலை மாணவி செல்போனில் 'இருவேல்பட்டு' என்று ஆங்கில எழுத்தில் அடிக்கிறார். 1983, 2010 கட்டுரைகள் வருகின்றன. 1918 நூல் வருவதில்லை. காரணம், ஸ்லேட்டர் காலத்தில் அந்த ஊர் 'எருவெல்லிப்பேட்' என்ற ஒலிப்பில் அச்சாகியிருந்தது. அந்த எழுத்தில் தேடினால்தான் பழைய நூல் கிடைக்கும். பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகவே படிக்கலாம். அதேபோல் 'விழுப்புரம் மாவட்டம்' என்று மட்டும் தேடினால் 1993-க்கு முந்தைய ஆவணங்கள் பெரும்பாலும் வராது. 'தென்னாற்காடு' என்று தேட வேண்டும். 1878-இல் கார்ஸ்டின் தொகுத்த மாவட்டக் கையேடும், 1906-இல் பிரான்சிஸ் தொகுத்த மாவட்ட விவரச் சுவடியும் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன.

திண்டிவனத்துக்கு வந்தால் இன்னொரு வழி திறக்கிறது. இங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை, எள் இரகங்கள் எல்லாம் டி.எம்.வி. என்ற எழுத்துகளோடு பெயர் பெற்றவை. திண்டிவனத்தின் சுருக்கம் அது. 1940-இல் வெளியான டி.எம்.வி. 2 நிலக்கடலை பல மாநில உழவர்களின் வயலில் பல்லாண்டு நிலைத்தது. அந்த இரகத்திலிருந்து உருவான குறுகிய இலைத் திரிபை வைத்து மரபணு ஆய்வுகள் இன்றும் வெளிவருகின்றன. திண்டிவனத்தில் தாவரவியல் படிக்கும் மாணவர் ஆய்விதழ்த் தளத்தில் 'திண்டிவனம்' என்று அடித்தால் கிடைப்பது கொஞ்சம். 'டி.எம்.வி. 2' என்று அடித்துப் பார்க்கட்டும். தன் ஊர் உலக அறிவியலில் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரியும்.

தேடத் தெரிந்தால்தான் மின்னூலகம் நூலகமாகும். எந்தப் பெயரில், எந்த எழுத்துக்கூட்டலில், எந்தக் காலத்தில் என்று யோசிக்கச் சொல்லித் தர ஒரு மனிதர் வேண்டும். நூலகருக்கு இனி வேலை குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த மாணவியின் அருகில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வாசலில் நிற்பது ஏன்?

இத்தனை வசதி இருந்தும் நம் மாணவர்கள் வாசலில் நிற்பதற்கு மூன்று காரணங்களைக் காண்கிறேன்.

முதலாவது, பயனர் கணக்கு கைக்கு வருவதில்லை. பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் கணினியை அதன் இணைய முகவரியை வைத்துப் பதிப்பகத்தின் சர்வர் அடையாளம் கண்டு உள்ளே விடும். வீட்டிலிருந்து வரும்போது 'இவர் இந்தக் கல்லூரி மாணவர்தான்' என்று கல்லூரியே உறுதி சொல்ல வேண்டும். இன்ஃபெட் என்ற கூட்டமைப்பு வழியாக நடப்பது அதுதான். என்-லிஸ்டில் ஒவ்வொரு கல்லூரியும் ஒரு பொறுப்பாளரை நியமிக்கும், பெரும்பாலும் நூலகரை. அவர் மாணவர் பெயரையும் மின்னஞ்சலையும் எக்செல் கோப்பில் ஏற்ற வேண்டும். ஆண்டுதோறும் படிப்பை முடித்தவர்களை நீக்கிப் புதியவர்களைச் சேர்க்க வேண்டும். பல இடங்களில் இந்தப் பட்டியல் ஆசிரியர்களோடு நின்றுவிடுகிறது. மாணவர் தந்த மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து பிழையாக இருந்தால் போதும், கடவுச்சொல் யாருக்கும் கிடைக்காமல் போய்விடும். பிரவுசிங் சென்டரில் யாரோ அவசரத்துக்குத் தொடங்கித் தந்த மின்னஞ்சலை வைத்திருக்கும் மாணவர்கள் நிறைய.

இரண்டாவது, கருவி. 2011 முதல் பல ஆண்டுகள் அரசு தந்த விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் முதல் கணினியாக இருந்தது. ஆனாலும் பெரும்பாலோர் படிப்பது செல்போனில்தான். இரண்டு பத்தி அச்சிட்ட ஆய்விதழ்ப் பக்கத்தைச் சிறு திரையில் விரித்து விரித்துப் படிப்பது கண்ணுக்கும் பொறுமைக்கும் சோதனை. கட்டுரையை வலைப்பக்க வடிவில் திறந்தால் எழுத்து திரைக்கேற்ப மடங்கும், டேட்டாவும் குறைவாகச் செலவாகும். பலருக்கு இந்தச் சிறு வழிகூடத் தெரியாது.

மூன்றாவது, மொழி. உரிமம் பெற்ற இதழ்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் முதல் பக்கத்திலேயே மிரண்டுபோகிறார். கட்டுரையின் சுருக்கத்தையும் முடிவுரையையும் முதலில் படி, அட்டவணைகளைப் பார், பிறகு நடுப்பகுதிக்குப் போ என்று ஓர் ஆசிரியர் உடனிருந்து சொன்னால் அந்த மிரட்சி விலகும். அதை ஆங்கிலத் துறையின் வேலை என்று தள்ளிவிடாமல் ஒவ்வொரு துறையும் செய்ய வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். கடவுச்சொல்லை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். ஓர் இதழின் எல்லாத் தொகுதிகளையும் ஒரே இரவில் இறக்காதீர்கள். அளவு மீறிய பதிவிறக்கத்தைக் கண்டால் பதிப்பகம் அந்தக் கல்லூரியின் அணுகலையே நிறுத்திவைக்கும். ஒருவர் செய்ததற்கு எல்லோரும் படிப்பை இழப்பார்கள்.

தமிழுக்கு நாம் சேர்க்க வேண்டியது

தமிழ் படிப்போருக்கு இணையம் வளமாகவே இருக்கிறது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் தட்டச்சு உழைப்பால் இலக்கியங்களைப் பொதுவில் வைத்தது. 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய அச்சு நூல்களையும் இதழ்களையும் மின்படியாக்கித் தருகிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட துயரத்தைக் கண்ட ஈழத்தமிழர்கள், 2005 முதல் நூலகம் திட்டத்தின் வழியே தங்கள் எழுத்துகளைச் சேர்த்துவருகிறார்கள். அந்த முயற்சிக்குப் பின்னால் பெரும் பணம் இல்லை. இழந்தவர்களின் விடாப்பிடி இருந்தது.

ஆனால் தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளைத் தேடும்போது ஒரு தடை வருகிறது. பல ஆய்வேடுகள் பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகி, பக்கப் படங்களாகவே ஏற்றப்பட்டிருக்கின்றன. தலைப்பைத் தேடலாம், உள்ளே இருக்கும் சொல்லைத் தேட முடியாது. ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக அறிவித்துவிட்டது. அதற்குப் பின் எழுதும் ஆய்வாளர்களாவது ஒருங்குறியில் தட்டச்சு செய்து, தேடக்கூடிய கோப்பாக ஒப்படைக்க வேண்டும். நெறியாளர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு செல்வம் நம் துறை அலமாரிகளில் கிடக்கிறது. எம்.ஃபில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் நிறுத்திவிட்டது. அதுவரை நம் மாணவர்கள் எழுதிய எம்.ஃபில். ஆய்வேடுகளில் இந்த மாவட்டத்துக் கோயில்கள், கூத்து, வாய்மொழிப் பாடல், ஏரிப் பாசனம், ஊர்ப்பெயர், நெசவு என்று எத்தனையோ கள ஆய்வுகள் உண்டு. தகவல் தந்த முதியவர்கள் பலர் இன்று இல்லை. அந்தப் பக்கங்கள்தான் அவர்கள் விட்டுச் சென்ற சாட்சி. பெரும்பாலான ஆய்வேடுகள் சோத்கங்காவில் ஏறவில்லை. பைண்டு செய்த இரண்டு மூன்று படிகள் மட்டுமே உண்டு. கரையானுக்கும் வெள்ளத்துக்கும் முன்னால் நாம் அவற்றைப் படியெடுத்தாக வேண்டும். எழுதியவரிடம் ஒப்புதல் பெற்று, ஒரு ஸ்கேனரும் இரண்டு மாணவர்களும் இருந்தால் ஒரு துறையின் வேலை ஒரு பருவத்தில் முடிந்துவிடும்.

இந்த ஆண்டே செய்யக்கூடியவை

கடைசியாகச் சில வேண்டுகோள்கள். புதிய கட்டடமோ பெரிய நிதியோ இவற்றுக்குத் தேவையில்லை.

கல்லூரி முதல்வர்களுக்கு: சேர்க்கையின்போது அடையாள அட்டை தரும் அதே நாளில் கல்லூரி மின்னஞ்சலும் மின்னூலகக் கணக்கும் தாருங்கள். அந்தப் பணிக்கு நூலகரோடு கணினித் துறையைச் சேர்ந்த ஒருவரையும் பொறுப்பாக்குங்கள். நூலகர் பணியிடம் காலியாக இருந்தால் அதை நிரப்பும் கோரிக்கையை முதல் கோரிக்கையாக வையுங்கள்.

பேராசிரியர்களுக்கு: ஒவ்வொரு தாளுக்கும் மின்னூலகத்திலிருந்து ஒரு கட்டுரையை வாசிப்புப் பட்டியலில் சேருங்கள். அதை வைத்து ஒரு கருத்தரங்கத் தாள் எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர் திறக்காத தளத்தை மாணவர் திறக்க மாட்டார்.

நூலகர்களுக்கு: பருவத்துக்கு ஒரு மணி நேரம் ஒவ்வொரு வகுப்பையும் கணினி ஆய்வகத்தில் உட்காரவைத்துத் தேடச் சொல்லித் தாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி எண் வையுங்கள். வீட்டில் தேடித் திணறும் பிள்ளைக்கு மாலைக்குள் ஒரு பதில் கிடைத்தால் அதுவே பெரிய சேவை.

பொது நூலகத் துறைக்கு: விழுப்புரம் மாவட்ட மைய நூலகத்திலும் திண்டிவனம் கிளை நூலகத்திலும் கணினி, அச்சுப்பொறி, அமைதியான மேசை வேண்டும். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேரோடு வாழும் மாணவிக்கு 'வீட்டிலிருந்து படி' என்பது நடக்காத காரியம். அவருக்கு வீட்டருகே ஓர் இடம் தேவை. படிப்பை முடித்துக் கல்லூரிக் கணக்கை இழந்த பட்டதாரிகளும் அங்கே வந்து ஆய்விதழ் படிக்க ஒரு நாள் வழி பிறக்க வேண்டும்.

மாணவ மாணவியருக்கு: இந்தக் கூட்டம் முடிந்ததும் நூலகரைப் பார்த்து உங்கள் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுதிக் கொடுத்துப் பெறுங்கள். கிடைத்ததும் உங்கள் ஊரின் பெயரை, அதன் பழைய எழுத்துக்கூட்டலோடும் சேர்த்துத் தேடுங்கள். யார் யாரோ உங்கள் ஊரைப் பற்றி எழுதியிருப்பார்கள். படியுங்கள். அவர்கள் தவறாக எழுதியிருந்தால் திருத்தி எழுதுங்கள். அவர்கள் விட்டதைச் சேர்த்து எழுதுங்கள். இருவேல்பட்டைப் பற்றிய அடுத்த கட்டுரையை நம் மாவட்டத்துக் கல்லூரியில் படித்த ஒருவர் எழுத வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு வேண்டிய நூல்கள் எல்லாம் இன்று அவர் வீடு வரை வந்துவிட்டன. கணக்கை வாங்கித் தருவதும் தேடக் கற்றுத் தருவதும் நம் கடமை. இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் அதைச் செய்து முடிப்போம்.